நாகதாளிக் கறை

நாகதாளிப் பழத்தின் நடுவில் ஒரு முள் இருக்கிறது. என் வயதுக்காரிகளுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. வெளியே இருக்கிற பூமுள் எல்லாருடைய கண்ணிலும் படும். மணலில் போட்டுக் குச்சியால் உருட்டினால் அது போய்விடும். உள்ளே இருக்கிற நட்சத்திர முள்தான் ஆபத்தானது. பழத்தை இரண்டாகப் பிளந்து, அதைக் கிள்ளி எறிந்துவிட்டுத்தான் வாயில் வைக்கவேண்டும். விழுங்கினவள் தொண்டை அடைத்துச் செத்துப்போவாள் என்று நாங்கள் நம்பினோம். யாரும் செத்ததாக நான் கேள்விப்படவில்லை.

போன கிழமை மகன் கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினான். வெளிநாட்டுக் கடையொன்றில் அந்தக் கள்ளிப் பழங்களைப் பெட்டியில் அடுக்கி விற்கிறார்கள். “அம்மா, உது நல்ல சத்தாம். நீங்கள் சாப்பிட்டிருக்கிறியளோ?” என்று கேட்டான். சாப்பிட்டிருக்கிறேனாம்! என்னைப் பிடித்து உள்ளே போட்டதே அந்தப் பழம்தான். ஆனால் அது பெண்பிள்ளைகளின் சங்கதி. மகனிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. உங்களிடம் எனக்கென்ன கூச்சம்.

எங்கள் வீடு வட்டுக்கோட்டைக்கு மேற்கே, தோட்டக் காணிகள் முடிந்து தரவை தொடங்கும் இடத்தில் இருந்தது. தரவை என்றால் உப்புப் பூத்த வெறும் புல்வெளி. மாரியில் தண்ணீர் நிற்கும். கோடையில் வெடித்துக் கிடக்கும். நான் சொல்லும் வருடம் அரிசி, மா, சீனி எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு வந்த வருடம். விடியமுன்னமே பேக்கரியில் பாணுக்கு வரிசை. மரவள்ளிக் கிழங்கை அவித்தும் கறியாக்கியும் தின்று எங்களுக்கு நாக்குச் செத்துப்போயிருந்தது. எனக்குப் பன்னிரண்டு வயது. இலை பிடுங்கிவருவது என் வேலை.

அதற்கென்று அம்மா எனக்கு ஒரு சத்தகம் தந்திருந்தார். ஓலை வாருகிற சின்னக் கத்தி, அலகு முன்னால் வளைந்திருக்கும். அதன் பிடி அம்மாவின் கை பட்டு வழுவழுத்திருந்தது. வாய்க்கால் ஓரத்துச் சாரணையை வேரை விட்டுவிட்டு அறுக்க அது தோதானது. வறைக்குச் சாரணை, வேலியில் சண்டி இலை, கஞ்சிக்கு முசுமுசுக்கையும் குறிஞ்சாவும், சளி பிடித்தால் தூதுவளை. தரவை ஓரத்தில் உமரி முளைத்திருக்கும்; அதைக் கறி வைக்கும்போது உப்பே தேவையில்லை. இவையெல்லாம் வீட்டுக்கு. ஈச்சம்பழமும் காரைப்பழமும் நாகதாளியும் எங்கள் இருவரின் வயிற்றுக்கு. இருவர் என்றால் நானும், பக்கத்து வளவிலிருந்த என் சிநேகிதியும்.

குறிஞ்சா இலையைப் பச்சையாகச் சப்பியிருக்கிறீர்களா? சப்பிவிட்டுச் சீனியை வாயில் போட்டால் மணலைப் போட்டதுபோல் இருக்கும், இனிப்பே தெரியாது. கூப்பனுக்குக் கிடைத்த சொட்டுச் சீனியை வீட்டில் ஒளித்துவைத்த காலத்தில், சிநேகிதி இலையைச் சப்பிக்கொண்டு வந்து சொல்லுவாள்: “இப்ப ஒரு சாக்குச் சீனி தந்தாலும் எனக்கு வேண்டாமடி.” அப்படியொரு திமிர் எங்களுக்கு.

எங்களுடன் மாமியும் இருந்தார். என்னைப் பெற்ற ஐயாவின் தமக்கை, புருசன் செத்தபிறகு எங்கள் வீட்டு முன்னறையில் வந்து தங்கியவர். வீட்டைப் பூட்டித் திறக்கிற திறப்புக்கொத்து அம்மாவின் இடுப்பில் இருந்தது, வீடு மாமியின் வாயில் இருந்தது. அம்மா கோயிலுக்குப் போவதென்றாலும் மாமியிடம் சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும். நான் இலைக் கடகத்தோடு வேலிப் படலையைத் திறக்கும்போதெல்லாம் மாமி தொடங்குவார்.

“மச்சாள், இந்தக் குமரைக் கூலிக்காரி மாதிரி வெயிலுக்கை விடுறியே. நாளைக்கு ஆர் கட்டுவினம்?”

“வீட்டிலை கறிக்கு ஒண்டுமில்லை, மச்சாள். அவள் சின்னப்பிள்ளைதானே” என்பார் அம்மா, அடுப்பைப் பார்த்தபடி.

அம்மா என்னை அதிகமாக வேலை வாங்குகிறார் என்றுதான் ஊரும் சொன்னது. நானும் சில நாட்களில் அப்படி நினைத்தேன். ஏனென்றால் நான் திரும்பியதும் கடகத்தை இறக்கிவைக்க விடாமல் கேள்வி கேட்பார். “மேற்காலை தண்ணி வத்தீட்டுதோ? சுமைதாங்கிக்குப் பக்கத்திலை ஒரு நாவல் நிண்டது, நிக்குதோ? காய்ச்சிருக்கோ?” எனக்கு எரிச்சலாக வரும். அம்மாவும் அதே ஊர்க்காரிதான். தரவையிலிருந்து கூப்பிடு தூரத்தில் பிறந்தவர். போய்ப் பார்க்கவேண்டியதுதானே என்று நினைப்பேன். போய்ப் பார்க்க முடியாது என்பது எனக்கு விளங்கவில்லை. பதினொரு வயதில் பூப்படைந்து ‘பெரியபிள்ளை’ ஆனபிறகு அம்மா அந்தத் தரவையைப் பேருந்து யன்னலால் மட்டுமே பார்த்திருந்தார்.

அது ஆனி மாதம், ஒரு சனிக்கிழமை. சோளகக் காற்று மண்ணை அள்ளி வீசிக்கொண்டிருந்தது. நாகதாளிப் பற்றைக்குக் காற்று மறைப்பில் குந்தியிருந்து பழம் தின்றோம். உச்சிப் பூசை மணி கேட்டு எழும்பினேன். சிநேகிதி என் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு, “என்னடி, பழத்துக்கு மேலை இருந்தனியோ?” என்றாள்.

நான் பழத்தின் மேல் இருக்கவில்லை.

அவளுக்கு ஒரு அக்கா இருந்தாள். முந்தின வருடம்தான் அந்த அக்கா பெரியபிள்ளை ஆனதும் அவளைப் பள்ளிக்கூடத்தாலும் நிறுத்தி, யன்னலுக்குப் பின்னால் இருத்தினார்கள். தைப்பதும் பின்னுவதுமாக இருந்தாள். நாங்கள் ஈச்சம்பழம் கொண்டுபோய்க் கொடுத்தால், பழத்தைத் தின்னாமல் கையில் வைத்து மணந்துகொண்டிருப்பாள். அது எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்திருக்கவேண்டும்.

“இது வீட்டை தெரிஞ்சா உன்னையும் விடமாட்டினம்” என்றாள் சிநேகிதி.

“என்னடி செய்யிறது?”

அவள் யோசிக்கவேயில்லை. இரண்டு பழத்தைப் பிளந்து என் சட்டையின் பின்பக்கத்தில் தேய்த்தாள். நாகதாளிச் சாறு என்ன நிறம் என்று உங்களுக்குத் தெரியும். “கேட்டா நாகதாளி எண்டு சொல்லு” என்றாள். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் வீட்டுக்கு நடந்தேன்.

நல்ல காலம், மாமி படுத்திருந்தார். அம்மா குசினி வாசலில் நின்றார்.

“உதென்ன கறை?”

“நாகதாளி, அம்மா. பாராமல் பழத்திலை இருந்திட்டன்.”

அம்மா சட்டையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். “எப்ப?”

“இப்பதான்.”

“இப்ப எண்டா? கோயில் மணி அடிக்க முந்தியோ, பிந்தியோ?”

இதென்ன கேள்வி என்று நினைத்தேன். “அடிச்ச கையோடை.”

“சரி, கழட்டிப் போடு. மாமி கண்டா ஏசுவா.”

சட்டையைத் தானே கிணற்றடிக்குக் கொண்டுபோனார். ஒரு பிடி உப்பும் எடுத்துக்கொண்டு போனார். பழக்கறைக்கு எங்கள் வீட்டில் தேசிக்காய்ப் புளிதான் தேய்ப்பது. அதை நான் கவனித்தேன், ஆனால் யோசிக்கவில்லை. தப்பிவிட்டேன் என்ற ஒரே எண்ணம்தான் எனக்கு.

அதன்பிறகு மூன்று மாதம் நான் கள்ளியாகத் திரிந்தேன். அம்மாவின் தகரப்பெட்டியில் பழைய நூல்சேலைத் துண்டுகள் மடித்துக் கிடந்தன. தேவையான நாட்களில் களவாக எடுத்தேன். எவ்வளவு எடுத்தும் அந்த அடுக்கு குறையவில்லை. அம்மாவுக்கு எண்ணத் தெரியாது என்று நினைத்தேன்! காலையில் ஒரு பச்சை முட்டையும் அதன்மேல் நல்லெண்ணெயும் குடிக்கத் தந்தார். “இருமிறாய்” என்றார். நான் இருமவில்லை. முட்டை கிடைக்காத காலத்தில் எனக்கு மட்டும் முட்டை என்றால் எதற்கு வாயைத் திறப்பேன்?

இலைக்கு அனுப்புவதும் கூடிவிட்டது. காலையில் சாரணை கொண்டுவந்தால் பின்னேரம் “உமரி கொஞ்சம் பிடுங்கி வாவன்” என்பார். நேற்றையது வாடிக் கிடக்கும்போதே இன்னொரு கடகம் நிரம்பும். மாமி தலையில் அடித்துக்கொண்டார். “இலையை ஆட்டுக்கோ போடப்போறாய்?” உண்மையிலேயே ஆட்டுக்குத்தான் போட்டார் அம்மா.

ஆடியில் சுமைதாங்கிக்குப் பக்கத்து நாவல் பழுத்தது. உதிர்ந்த பழத்தை மண் ஊதித் தின்று, நாக்கை நீட்டி யாருடையது கறுப்பு என்று பார்த்தோம். அவை சந்தோசமான நாட்கள் என்று எழுத ஆசைதான். ஆனால் உள்ளபடி சொன்னால், எனக்கு ஒவ்வொரு நாளும் பயம். குந்தி எழும்பும்போதெல்லாம் சிநேகிதியிடம் “பார், பார்” என்பேன். கோயிலுக்குள் போகவேண்டி வந்தால் சாமி குத்தம் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வேன். திறந்த வெளியில் நின்றுகொண்டே என்னைச் சுற்றி யாரோ வேலி அடைத்துக்கொண்டு வருவதாகத் தோன்றும். பிடிபடுகிற நாளை நினைத்து நினைத்துப் பழத்தின் ருசியே பாதி தெரியாமல் போனது.

பிடிபட்ட நாள் புரட்டாதியில் ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று எனக்கு ஒன்றுமில்லை. சத்தியமாக ஒன்றுமில்லை. சிநேகிதி விளையாட்டுக்கு எறிந்த ஒரு கனிந்த நாகதாளி என் இடுப்புக்குக் கீழே பட்டுச் சிதறியது. வெள்ளைப் பள்ளிக்கூடச் சட்டை. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அது வெறும் பழம் என்பதால் எனக்குப் பயமே வரவில்லை. மறைக்கவேண்டும் என்றுகூடத் தோன்றாமல், கடகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு பாட்டுப் பாடியபடி படலையைத் திறந்தேன். முற்றத்தில் மாமி நின்றார்.

“எடியேய், நில்! திரும்பு!” என்றார் மாமி. பிறகு தெருவுக்கே கேட்கச் சத்தம் போட்டார். “மச்சாள்! ஓடி வா! உன்ரை பெட்டை பெரியபிள்ளை ஆகீட்டாள்!”

“இல்லை மாமி! உது நாகதாளிப் பழம்!”

“எல்லாப் பெட்டையளும் முதல்ல உப்பிடித்தான் ஏதும் சொல்லுறது” என்று மாமி சிரித்தார். மாமி என்னைப் பார்த்து அப்படிச் சிரித்தது அதுதான் முதல்தடவை. “தம்பியின்ரை மணிக்கூட்டைப் பாருங்கோ ஆரும். மூண்டு பத்து. நேரம் முக்கியம், சாத்திரியாருக்குச் சொல்லவேணும்.”

அம்மா குசினி வாசலில் அதே இடத்தில் நின்றார். நான் கத்தினேன். “அம்மா, நீங்கள் சொல்லுங்கோ! அண்டைக்கும் நாகதாளிதானே! நீங்கள்தானே தோய்ச்சனீங்கள்!”

அம்மா ஒரு சொல் சொன்னால் போதும். பழத்தை மணந்து பார்த்தாலே தெரியும். அம்மா என்னைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார். பிறகு சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு, “ஓம் மச்சாள். பிள்ளையை உள்ளுக்கை கூட்டிக்கொண்டு போங்கோ” என்றார்.

அந்தக் கணத்தில் நான் அம்மாவை வெறுத்தேன். வேறு நல்ல சொல் கிடையாது.

முப்பத்தொரு நாள். சாமான் அறையில் ஒரு பாய், ஒரு செம்பு, தலைமாட்டில் வேப்பிலை. ஆண்கள் முகத்தில் முழிக்கக்கூடாது. ஐயாவின் இருமலை மட்டும் சுவருக்கு அப்பால் கேட்டேன். யன்னலைச் சாக்கால் மறைத்திருந்தார்கள். காத்துக்கறுப்பு அண்டாமலிருக்கக் கையில் இரும்பு வேண்டும் என்றார் மாமி. அம்மா கொண்டுவந்து தந்தது என்ன தெரியுமா? என் சத்தகம். அலகில் சாரணைப் பச்சை காய்ந்து ஒட்டியிருந்தது. தரவைக்குப் போகத் தந்த கத்தியையே கையில் கொடுத்து மூலையில் இருத்தினால் எப்படி இருக்கும்? அதைக் கொண்டு மண்சுவரில் நாளுக்கு ஒரு கீறல் போட்டேன். மேற்கே ஆட்காட்டிக் குருவி கத்தும்போது, எந்த இடத்தில் கத்துகிறது என்று கண்ணை மூடிப் பார்ப்பேன்.

தின்னத் தந்தது முழுக்க இனிப்பும் எண்ணெயும். எங்கிருந்தோ தேடிப்பிடித்த சர்க்கரை போட்டு உழுத்தங்களி. அவ்வளவு நாளும் நாக்கு ஏங்கிய சர்க்கரை. ஒரு பின்னேரம் யன்னல் சாக்குக்குக் கீழால் ஒரு கை நுழைந்தது, சிநேகிதியின் கை. நாலு குறிஞ்சா இலை.

“உள்ளுக்கை என்னடி செய்யிறாய்?” என்று கேட்டது சாக்கு.

“இருக்கிறன்.”

“பழத்தை நான்தானேடி எறிஞ்சனான்” என்று அழுதாள். பிறகு மாமியின் செருமல் கேட்டு ஓடிவிட்டாள்.

நான் இலைகளைச் சப்பினேன். அன்று மாமி கொண்டுவந்த களியை முழுவதும் தின்றேன். மண். எனக்கு அது போதுமாக இருந்தது. இவர்கள் தருகிற இனிப்பை நான் எடுக்கவில்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். பன்னிரண்டு வயதுக்காரிக்கு வேறு எந்த வழியில் எதிர்க்க முடியும்?

தண்ணீர் வார்த்தார்கள், சேலை உடுத்தினார்கள், ஆலாத்தி எடுத்தார்கள். சாத்திரியாரிடம் நேரம் எழுதிக்கொண்டுபோன துண்டை ஐயா கொடுத்து, நான் பெரியபிள்ளையான நேரத்துக்கு ருது சாதகம் குறித்து வாங்கிவந்தார். அதை ஒரு கொப்பி ஒற்றையில் எழுதி, தாளின் ஓரத்தில் மஞ்சள் பூசித் தந்திருந்தார்கள். அதன்பிறகு நான் தரவைக்குப் போகவேயில்லை. அம்மாவும் என்னிடம் இலை கேட்கவில்லை, தரவையைப் பற்றியும் கேட்கவில்லை. வளவுக்குள் நின்ற முருங்கையோடு எங்கள் வீட்டுக் கீரை முடிந்தது. சத்தகம் எப்படியோ காணாமல் போனது. நான் தேடவில்லை, கோபம்.

அந்தக் கோபம் லேசில் ஆறவில்லை. கலியாணம் முடித்துக் கொக்குவிலுக்கு வந்து, மூன்று பிள்ளை பெற்றபிறகும் உள்ளே கிடந்தது. புருசனிடம் மட்டும் அதைப் பகிடியாக்கிச் சொல்லுவேன்: “பொருத்தம் பார்த்துக் கட்டினீங்களே, அது என்ரை சாதகமில்லை. செவ்வாய்க்கிழமை மூண்டு பத்துக்குச் சிதறின ஒரு கள்ளிப்பழத்தின்ரை சாதகம்.” அவர் குலுங்கிச் சிரிப்பார். அம்மாவிடம் ஒரே ஒருமுறை நேரே கேட்டேன்.

“அண்டைக்கு ஏன் அம்மா பேசாமல் நிண்டனீங்கள்?”

“எண்டைக்கு?” என்றார் அம்மா. மடியில் கீரை. ஆய்வதை நிறுத்தவில்லை. நானும் விட்டுவிட்டேன்.

அம்மா போய்ப் பல வருடமாகிறது. ஊர் வீட்டை என் தம்பி திருத்தும்போது அவருடைய தகரப்பெட்டியை எனக்கு அனுப்பிவைத்தான். நான் இப்போது இருக்கும் வீட்டைச் சுற்றி ஆளுயர மதில், கேற்றுக்குப் பூட்டு. முழங்கால் வலியோடு எங்கேயும் போய் விழுந்துவிடக்கூடாது என்று மகன் பூட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போகிறான். ரயில் போகிற சத்தத்தில் நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பெட்டி ஒரு மூலையில் கிடந்தது. நாகதாளிப் படம் பார்த்த அன்று பின்னேரம்தான் அதைத் திறந்தேன். சத்தகம் இருக்குமோ என்று ஒரு நப்பாசை. இல்லை. நூல்சேலைத் துண்டுகள் சில, பூச்சி அரித்தவை. அவற்றுக்கு அடியில் மஞ்சள் காய்ந்த அந்த ஒற்றை.

என் வாழ்நாளில் அதை நான் விரித்துப் பார்த்ததேயில்லை. கள்ளிப்பழத்தின் சாதகத்தில் எனக்கு என்ன இருக்கிறது? மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சிரிப்பதற்காகத்தான் விரித்தேன்.

புரட்டாதி இல்லை. செவ்வாய்க்கிழமை இல்லை. மூன்று பத்து இல்லை.

சாத்திரியார் கணித்திருந்தது ஆனி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றுக்கு. ஐயா கொண்டுபோய்க் கொடுத்த துண்டும் மடிப்புக்குள் இருந்தது. அம்மாவின் கையெழுத்து, பென்சில்: “உச்சிப் பூசை மணி அடித்த கையோடு.”

இரத்தக் கறைக்கு எடுத்த உப்பு, முட்டை, குறையாத சேலைத் துண்டு, ஆட்டுக்குப் போட்ட கீரை எல்லாம் ஒவ்வொன்றாய் வந்து என் முன்னால் நின்றன. மாமி ஒரே முற்றத்தில் இருக்க, ஊர் வாய் பார்த்திருக்க, வயதுக்கு வந்த பெட்டையை மூன்று மாதம் வெளியே விட்ட தாய். தெரிந்திருந்தால் அம்மாவை என்ன பாடு படுத்தியிருப்பார்கள்? அதற்குமேல் நீட்ட அம்மாவால் முடியவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை, பழம் என்று தெரிந்துகொண்டே, இதுதான் சாட்டு, ஊருக்குச் சொல்ல ஒரு காரணம் என்று வாயை மூடிக்கொண்டார். நான் களவெடுத்ததாக நினைத்த மூன்று மாதமும் அம்மா தந்தது. நான் கொடுத்தது ஐம்பது வருடக் கோபம். அழுதேன். வாய்விட்டு அழுதேன், பூட்டிய வீட்டில் கேட்க ஆளில்லை.

சிநேகிதி கனடாவில் இருக்கிறாள். அங்கே விடியும்வரை பொறுத்திருந்து தொலைபேசி எடுத்தேன். எல்லாம் சொன்னேன்.

“அப்ப,” என்றாள், “நாங்கள் அவ்வளவு பாடுபட்டுத் தேய்ச்ச நாகதாளியைக் கொம்மா ஒரு நாளும் நம்பேல்லை?”

“நம்பேல்லை.”

“ஐயோ, வெக்கமடி.”

“அம்மா அதை நம்பாதபடியாலைதானடி,” என்றேன், “நாங்கள் ரெண்டு பேரும் ஆடியிலை நாவற்பழம் திண்டது.”